குரக்கன் மாவும் ரின் மரக்கறியும்

சென்ற புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயில் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகள், கொழும்பில் இறங்கியபோது அங்குள்ள பெரிய கடையொன்றில் வாங்கிக்கொண்ட சாமான்களைப் பருத்தித்துறையில் எங்கள் வீட்டுக் குசினி மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பட்டாணியும் கரட்டும் சோளமும் கலந்து உப்புநீரில் அடைத்த ரின் ஒன்று அவற்றுள் இருந்தது. அன்று காலை நான் சங்கக்கடையில் வாங்கிவந்த குரக்கன் மாப் பொதியும் அதே மேசையில் கிடந்தது. ஒன்றை வலக்கையிலும் மற்றதை இடக்கையிலும் தூக்கித் தராசுத்தட்டுப் போலப் பிடித்துக்கொண்டு, "மாமா, இந்த இரண்டிலையும் எதிலை சத்துக் கூட?" என்று அவள் கேட்டாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் முற்றத்தில் பசியோடு நின்றார்கள். கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்பட்டதன்று.

விஞ்ஞானம் கற்பித்தே வயது போய்விட்ட எனக்கு அக்கேள்விக்கு உடனே விடைசொல்ல நா எழவில்லை. இன்றைய பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் 'இதைவிட அது சிறந்தது', 'அரிசியைத் தள்ளு, சிறுதானியத்தைக் கொள்', 'ரின்னில் அடைத்ததெல்லாம் நஞ்சு' என்று நாள்தோறும் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. இரு பதார்த்தங்களை எதிரெதிரே நிறுத்தி ஒன்றுக்கு மாலையும் மற்றதற்கு அவமானமும் அளிக்கும் இந்த வழக்கம், உணவு என்னும் விஷயத்தையே பிழையாக விளங்கிக்கொண்டதனால் வந்தது என்பது என் அபிப்பிராயம். எந்தப் பதார்த்தமும் தேகத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றிடமும் நாம் கேட்க வேண்டியது, 'நீ எதைக் கொடாய்?' என்பதே.

எண்களைப் பார்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை அவசியம். உணவுச் சத்து அட்டவணைகள் யாவும் 100 கிராமுக்கு இவ்வளவு என்றே கணக்குக் காட்டுகின்றன. மாவோ காய்ந்த பொருள். அதில் நீர் பத்தில் ஒரு பங்களவுதான். ரின்னிலிருந்து வடித்தெடுத்த பட்டாணியில் நீர் ஐந்தில் நாலு பங்கு. காய்ந்ததையும் நனைந்ததையும் ஒரே நிறையில் வைத்து ஒப்பிட்டால், காய்ந்தது எப்போதும் பெருஞ்செல்வனாகவும் நனைந்தது ஏழையாகவும் தோன்றும். உண்மையில் எவரும் 100 கிராம் குரக்கன் மாவை அள்ளி வாயில் போடுவதில்லை. ஒரு கோப்பைக் கூழுக்கு 30 கிராம் மா தாராளமாகப் போதும். ஆகவே கோப்பைக்குக் கோப்பை, கோப்பையிலே வந்து சேரும் உருவத்தில், ஒப்பிடுவதே நீதி.

அப்படி ஒப்பிட்டாலும் குரக்கன் மதிப்புக் குறைந்து போவதில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் குரக்கனில் 364 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய பச்சரிசியில் அது எட்டு மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. இரும்புச் சத்து குரக்கனில் நாலரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். அரிசியில் ஒன்றுக்கும் குறைவு. நார்ச்சத்து ஒன்றில் பதினொரு கிராம்; மற்றதில் மூன்றுக்கும் குறைவு. நம் 30 கிராம் கூழ்க் கோப்பை ஏறக்குறைய 110 மில்லிகிராம் கல்சியத்தைத் தருமென்றால், அது பசுப்பாலில் அரைத் தம்ளருக்குச் சமானம். பால் வாங்க வசதியற்ற வீடுகளில் பல்லும் எலும்பும் உரமாகப் பிள்ளைகள் வளர்ந்ததில் இந்தக் கரிய மாவுக்கும் ஒரு பங்கு உண்டென்று கருத இடமிருக்கிறது.

ஆயினும் குரக்கனைப் புகழ்வோர் சொல்லாமல் விடும் சங்கதிகளும் உள. அதன் உமித்தோலில் இருக்கும் பைற்றேற்று என்னும் பொருளும், அதற்கு நிறத்தையும் துவர்ப்பையும் கொடுக்கும் தனின்களும், அதிலுள்ள இரும்பையும் கல்சியத்தையும் இறுகப் பற்றிக்கொண்டு குடலுக்கு எளிதில் விட்டுக்கொடா. முளைகட்டிக் காயவைத்து அரைத்தாலோ புளிக்கவைத்தாலோ அந்தப் பிடி தளரும். அல்லது விற்றமின் சி என்னும் ஜீவசத்து அதே வேளையுணவில் உடனிருந்தால் இரும்பு உடம்பிற் சேரும் அளவு உயரும். அந்த விற்றமின் சி தானியத்தில் இல்லை. சாப்பிட்ட கை காயுமுன் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நம் பழக்கமோ, தனின்மேல் தனினை ஊற்றி, கிடைக்கவிருந்த சொற்ப இரும்பையும் தடுத்துவிடுகிறது.

இன்னுமொன்று. 'சீனி வருத்தக்காரருக்குக் குரக்கன் மருந்து' என்ற வார்த்தையை வேதவாக்காகக் கொண்டு, ஒரு நீற்றுப்பெட்டி நிறையக் குரக்கன் பிட்டை அவித்து ஒருவரே உண்டுவிட்டு, மறுநாள் இரத்தப் பரிசோதனையில் சீனி ஏறியிருப்பது கண்டு திகைப்போரை நான் அறிவேன். குரக்கனிலும் மூன்றில் இரண்டு பங்கு மாச்சத்துத்தான். மிக நுண்ணியதாக அரைத்த மா, முழுத்தானியத்தைவிட விரைவிற் சீரணித்துச் சீனியாகும். சோற்றுக்குப் பதிலாக அளவோடு உண்பதனால் நன்மை உண்டு. சோற்றுக்கு மேலதிகமாக உண்பதனால் இல்லை.

இனி ரின் மரக்கறியின் பக்கம் வருவோம். அதற்காக வாதாட நம்மூரில் வழக்கறிஞர் அகப்படுவது அரிது. ஆகையால் அதன் நியாயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் பிடுங்கிய கரட் தம்புள்ளைச் சந்தைக்குப் போய், அங்கிருந்து லொறியில் ஏறி, யாழ்ப்பாணம் வந்து, பின் நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் சேர்ந்து, வெயிலில் ஒரு பகல் கிடந்து நம் கறிச்சட்டிக்குள் விழும்போது, 'பச்சை மரக்கறி' என்ற பெயர் அதற்கு மரியாதைக்காக மட்டுமே எஞ்சியிருக்கிறது. ரின்னில் அடைப்பவர்களோ அறுவடை செய்த சில மணி நேரத்துக்குள் அதைக் கழுவி, அவித்து, மூடிவிடுகிறார்கள். கரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோற்றின் வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நார்ச்சத்துக்கு ஒரு சேதமும் இல்லை. தக்காளியிலுள்ள சிவப்புப் பொருளாகிய லைக்கோபீன் சூடேறியபின்பே உடம்பிற் கூடுதலாகச் சேர்கிறது. வடித்தெடுத்த பட்டாணி 100 கிராமில் நாலரைக் கிராமளவு புரதமும் நாலு கிராமளவு நாரும் இருக்கின்றன. இதை நஞ்சென்பது அபவாதம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில், பச்சைப் பட்டாணியில் 40 மில்லிகிராம் இருந்த விற்றமின் சி, வீட்டில் அவித்தெடுக்கும்போது 14 ஆகவும், ரின்னில் அடைத்தபின் பத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடுகிறது. இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும்: பெரும் இழப்பை நம் வீட்டு அடுப்பே செய்துவிடுகிறது, ரின் அதன்மேல் இன்னுஞ் சிறிது எடுத்துக்கொள்கிறது. உப்பின் கதை வேறு. செடியிலிருந்து வரும் பட்டாணியில் சோடியம் ஐந்து மில்லிகிராம். உப்புநீரில் அடைத்ததில் சுமார் 250. ஒரு ரின்னை வடித்து ஒருவரே தின்றுவிட்டால், ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் உப்பு உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு மேல் உப்பு வேண்டாமென்கிறது. அந்த ஐந்துக்குள்தான் கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் பாணும் இடம்பிடிக்க வேண்டும். உப்புநீரை வடித்து ஊற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் ஒருமுறை அலசினால் அதிற் கணிசமான பங்கு போய்விடும். ஆனால் நீரிற் கரைந்திருக்கும் தாதுப்பொருள்கள் சிலவும் அதனோடு போகும்.

ஆக, தானிய மாவிடம் இல்லாதது விற்றமின் சி. ரின் மரக்கறி அதிலே கொஞ்சத்தைத் தரும். ஆனால் உப்பைக் கூலியாக வாங்கிக்கொள்ளும். வயிற்றை நிரப்பும் சக்தியும் கல்சியமும் ரின்னிடம் இல்லை. அவை மாவிடம் உள. இவ்வளவையும் தெரிந்துகொள்ள ஓர் ஆய்வுகூடம் அவசியமா என்றால், அவசியமில்லை. மனித சமூகம் இதைக் கடலிலே, பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பாய்க்கப்பல்களில் சமுத்திரம் கடந்த ஐரோப்பிய மாலுமிகளுக்குக் கோதுமை மாவிற் சுட்டு இறுக உலர்த்திய விசுக்கோத்து மாதக்கணக்கில் கெடாத ஆகாரமாயிருந்தது. அது அவர்களின் பசியைத் தீர்த்தது. ஆனால் முரசு வீங்கிக் குருதி கசிந்து, பழைய காயங்கள் மறுபடி பிளந்து, ஸ்கர்வி என்னும் நோயால் அவர்கள் மாண்டார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பரிகாரம் கொடுத்துப் பார்த்தபோது, தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து எழுந்து நடமாடினர். மா இருந்தது, பசியில்லை, ஆயினும் மரணம் வந்தது. தானியம் மாத்திரம் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

தானியத்துக்குள்ளேயே மறைந்திருந்த மற்றொரு பாடம் நம்மவர்களைச் சாட்சியாக வைத்து எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பத்தாவியாவில் இருந்த எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டைக் கொடுத்தால் எழுவதையும் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசும் பெற்றார். பெரிபெரி என்ற அந்நோயின் பெயரே, 'முடியாது, முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பு என்று அறிஞர் பலர் கொள்வர். மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கில வைத்தியர், தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரை இந்நோய் வாட்டுகையில், அதே நாட்டில் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் தொடாதிருப்பதைக் கவனித்து, 1907இல் ஒரு நூலாகவே எழுதினார். கோலாலம்பூரில் பிளெட்சர் என்பவர் மனநோய் வைத்தியசாலை ஒன்றில் ஒரு சாராருக்குப் புழுங்கலும் மறுசாராருக்கு வெள்ளரிசியும் கொடுத்து நடத்திய பரிசோதனையும் அதையே காட்டிற்று. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள ஜீவசத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முற்றாகப் போவதில்லை. நம் வீட்டுக் கொல்லையில் நெல் அவித்த கிழவிகள் எவருக்கும் இது தெரியாது. காரணம் பின்னால் வந்தது. காரியம் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

ரின்னின் பிறப்பும் இவ்வாறானதே. நெப்போலியன் காலத்துப் பிரான்சில் உணவைக் கெடாமல் வைக்கும் உபாயத்தைத் தேடிய அப்பேர் என்னும் மிட்டாய் செய்பவர், கண்ணாடிப் போத்தலில் உணவையிட்டு, இறுக அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் அது மாதங்கள் தாங்கும் என்பதை அனுபவத்தாற் கண்டு, 1810இல் அரசாங்கத்திடமிருந்து 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் டுராண்ட் என்பவர் தகரப் பாத்திரத்துக்கு உரிமை பெற்றார். கெடாதிருப்பதற்குக் காரணம் என்னவென்று அப்பேருக்குத் தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றிப் பாஸ்தர் விளக்குவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. ரின் திறக்கும் கருவியும் சில தசாப்தங்கள் கழித்தே வந்தமையால், முதல் தலைமுறையினர் உளியும் சுத்தியலும் கொண்டு தகரத்தைப் பிளந்தனர். மாவைக் காப்பது வறட்சி; ரின்னைக் காப்பது வெப்பம். எங்கள் வீடுகளில் அரிசிமாவைச் சட்டியில் மணம் எழும்ப வறுத்து, ஆறவிட்டு, அரித்து, மூடிய பாத்திரத்தில் அடைத்து வைப்பதில் இவ்விரண்டு உபாயங்களும் கைகோத்து நிற்கின்றன. பருத்தித்துறை வடை என்று பெயர் வாங்கிய தட்டை வடையும் மாவிலிருந்து நீரை எண்ணெயால் விரட்டியதனாற்றான் பிஸ்கட் ரின்னுக்குள் அமர்ந்து இலண்டனுக்கும் கனடாவுக்கும் மொறுமொறுப்புக் குறையாமற் போகிறது.

கடலைப் பார்த்து வாழ்ந்த இக்கரைக்கு இப்பாடம் புதிதன்று. பக்கத்து வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சேர்ந்தது. அன்னத்தின் தெய்வப் பெயரைச் சூடிய கப்பல் அது. இக்கரைத் தோணிகள் ரங்கூன் அரிசியை ஏற்றிவந்த காலத்தில், 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடையில் அரிசியின் இடத்திற் கோதுமை மா வந்து அமர்ந்தது. அன்று விருந்தாளியாக வந்த பாண், பிறகு வீட்டுக்காரராகிவிட்டது. 1980இல் திருகோணமலையிற் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின் வெள்ளை மா எந்தக் குக்கிராமத்துக்கும் எட்டியது. தினையும் சாமையும் வரகும் எங்கள் தோட்டத்திலிருந்து கிட்டத்தட்ட விடைபெற்றன. குரக்கன் மாத்திரம் மருந்தென்ற பெயரோடு உயிர்தப்பியது.

1990க்குப் பின்னான யுத்த வருஷங்களை இவ்வூரில் இருந்து கடந்தவர்கள், செஞ்சிலுவைக் கொடி பறக்கப் பருத்தித்துறைக்கு அப்பால் வந்து நங்கூரமிட்ட உணவுக் கப்பல்களை மறக்கமாட்டார்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோதும் மறுபடி கப்பலையே பார்த்திருந்தோம். கப்பல் கொண்டுவந்தவை அரிசி, மா, பருப்பு, சீனி: எல்லாம் காய்ந்த பொருள்கள். அவற்றைச் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கினோம். ஆனால் அந்த ஆகாரத்தில் இல்லாத பசுமையை எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை. கிணற்றடி முருங்கை கொடுத்தது, வேலியோரத்து அகத்தி கொடுத்தது, வாய்க்காற் கரையில் படர்ந்த பொன்னாங்காணியும் வல்லாரையும் கொடுத்தன. முன்சொன்ன ஐதராபாத் அட்டவணையில் 100 கிராம் முருங்கையிலைக்கு 314 மில்லிகிராம் கல்சியமும் 108 மில்லிகிராம் விற்றமின் சியும் கணக்கிடப்பட்டுள்ளன. மாச்சோற்றையும் முருங்கையிலை வறையையும் மாறிமாறி உண்டு சலித்த அந்நாட்களில், உலகத்துக் கடற்படைகள் இருநூறு ஆண்டுகளில் கற்றதை எங்கள் முற்றங்கள் சத்தமின்றி எங்களுக்குச் செய்துகொண்டிருந்தன.

இன்று பாதைகள் திறந்திருக்கின்றன. கடைகளில் ரின்கள் வரிசையாக மின்னுகின்றன. முருங்கைகள் மதிலுக்கு இடைஞ்சலென்று தறிக்கப்படுகின்றன. விசித்திரம் யாதெனில், இதே இலங்கையில் உப்புநீரில் அடைத்த முருங்கைக்காய் ரின்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்குப் போகின்றன. முருங்கை அங்கே ரின்னுக்குள்; ரின் மரக்கறி இங்கே முருங்கை நின்ற இடத்தில். பனி மூடிய தேசத்தில் இருப்பவர் ரின்னைத் திறப்பதற்கு நியாயம் உண்டு. மார்கழியிலும் கீரை முளைக்கும் மண்ணில் இருந்துகொண்டு அதைச் செய்வதற்கு என்ன நியாயம்?

இந்த நிலையில் பொதுக் காரியமாகச் செய்யத்தக்கவை சில உண்டென்று நினைக்கிறேன். 1973இல் தொடங்கி நம் நாட்டுத் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷ, சோளமும் சோயா அவரையும் பால்மாவும் சேர்ந்த நல்லதொரு தானிய உணவு. கிளினிக்கில் அப்பொதியை நீட்டும் குடும்பநல உத்தியோகத்தர், அதை ஒரு பிடி கீரையோடோ ஒரு துண்டு கொய்யாப்பழத்தோடோ கொடுக்கும்படி ஒரு வார்த்தை கூடச் சொன்னால், செலவில்லாமல் அதன் பயன் கூடும். பள்ளிக்கூடங்களில் கொடுக்கும் உணவிலே தானியத்தின் பெயர் மாத்திரம் அட்டவணையில் இருந்து, கீரையின் இடம் வெறுமையாக இருக்கலாகாது. பாடசாலை வளவில் நாலு முருங்கைத் தடி ஊன்றுவதற்குத் திட்ட அறிக்கையோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி 2016இல் வந்தபோது எழுத்தறியாதவருக்கும் அது விளங்கிற்று. ரின்னின் உப்பையும் அவ்வாறு கண்ணுக்குப் படும்படி, தமிழ் எழுத்துடன், காட்டவேண்டும். பொடி எழுத்தில் எழுதிய சோடியக் கணக்கை வாசிக்க இரத்த அழுத்தக்காரரான என் வயதொத்தவர்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது.

ரின்னுக்கும் ஓர் இடம் உண்டு. அதை மறுப்பது அநியாயம். 2004 மார்கழியில் கடல் புகுந்த நாட்களிலும், 2008 நவம்பரில் நிஷாப் புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கிய நாட்களிலும், நல்ல தண்ணீரும் விறகும் அரிதானபோது, மூடியைத் திறந்தவுடன் உண்ணத்தக்க உணவின் அருமை கரையோரத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்தது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் அலுமாரியின் மேற்றட்டில் நாலைந்து ரின்களை வைத்திருப்பது விவேகம். மேற்றட்டில் இருக்க வேண்டியது தினமும் கீழே இறங்கி வருவதுதான் அவிவேகம்.

இவ்வளவையும் அன்று குசினியில் நின்று என் மருமகளுக்கு நான் பிரசங்கிக்கவில்லை. பிள்ளைகள் பசித்து நிற்கும்போது பிரசங்கம் எடுபடாது. "மாமி இருக்கிறா, அவவைக் கேள்" என்று சொல்லி விலகிக்கொண்டேன். மனைவி அவளின் இரு கையிலிருந்ததையும் வாங்கினாள். குரக்கன் மாவைச் சுடுநீர் தெளித்துக் குழைத்து, தேங்காய்ப்பூத் தூவிப் பிட்டாக அவித்தாள். ரின்னைத் திறந்து உப்புநீரைப் பீலிக்குள் ஊற்றி, பட்டாணியையும் கரட்டையும் இரண்டு தண்ணீர் அலசி, வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்திட்டுத் தேங்காய்ப்பாலில் சொதியாக வைத்தாள். கொதி வருந்தறுவாயில் கிணற்றடியில் ஒடித்த முருங்கையிலையை உருவிப் போட்டு, ஒருமுறை துழாவி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

மருமகள் பக்கத்தில் ஒரு தேசிக்காயை வெட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டி அடுப்பில் இருக்கும்போதே பிழியக் கை நீட்டியவளை, "பொறு பிள்ளை, இறக்கினாப் பிறகு விடு, கொதியிலை விட்டாக் கைக்கும்" என்று மனைவி தடுத்திருந்தாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவளுடைய தாய்; அந்தத் தாய்க்குச் சொன்னவள் அவளுடைய தாய். கொதியில் பிழிந்தால் கைக்கும் என்ற அளவிலேயே அவர்களின் விஞ்ஞானம் நின்றது. லிண்டும் எய்க்மனும் அப்பேரும் அறியாத மூன்று கிழவிகள், எலுமிச்சையின் ஜீவசத்தைக் கொதியிலிருந்து காத்து, குரக்கனின் இரும்போடு அதே கோப்பையிற் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். சட்டி ஆவி அடங்கியபின் மருமகள் பிழிந்தாள். விதையொன்று உள்ளே விழ, அதைக் கரண்டியால் எடுத்தெறிந்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் நான் வழக்கம்போல் தேத்தண்ணி கேட்டேன். "ஒரு மணித்தியாலம் போகட்டும், மாமா" என்றாள். எங்கேயாவது வாசித்துத்தான் சொன்னாளோ, அங்கே யாராவது வைத்தியர் சொல்லியிருந்தாரோ, தெரியவில்லை. எதுவாயினும், நான் காத்திருந்தேன்.